எண்ணப்பட்டவர்களும் எண்ணப்படாதவர்களும்: மணிலா, பிப்ரவரி 1945

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேசுபொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை அறக்கட்டளையினர் என்னிடமே விட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது பிலிப்பைன்ஸின் மணிலா நகரச் சண்டை. இரண்டாம் உலகப் போரில் நகரச் சண்டை என்றதும் ஸ்டாலின்கிராட், வார்சா, பெர்லின் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். ஆசியாவில், நமக்குக் கிழக்கே சில நாள் கப்பல் பயணத்தில் இருக்கும் ஒரு நகரம் ஒரே மாதத்தில் அழிக்கப்பட்டதை நம் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பல நூல்களில் அந்த ஒரு வரியும் இல்லை.

முதலில் இறந்தவர்களைப் பற்றிய மூன்று எண்களைச் சொல்கிறேன். மணிலாச் சண்டையில் இறந்த அமெரிக்கப் படையினர் 1,010 பேர். காயமடைந்தவர்கள் 5,565 பேர். இது அமெரிக்கத் தரைப்படையின் அதிகாரபூர்வக் கணக்கு. ஜப்பானியப் படையில் இறந்தவர்கள் சுமார் 16,000. நகரத்து மக்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம்.

முதல் எண்ணில் கடைசி இலக்கம் வரை துல்லியம் இருக்கிறது. இரண்டாவது ஆயிரத்துக்கு முழுமையாக்கப்பட்டது. மூன்றாவது லட்சத்துக்கு முழுமையாக்கப்பட்டது. சாவு பெருகப் பெருக எண்ணுகிறவர்களின் அக்கறை குறைகிறது. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒரே செய்தியைத்தான். நகரச் சண்டையின் கொடூரத்தில் ஒரு பகுதி துப்பாக்கியிலும் துப்பாக்கிமுனைக் கத்தியிலும் இருக்கிறது; இன்னொரு பகுதி அந்த முழுமையாக்கப்பட்ட எண்ணில் இருக்கிறது.

நகரம் போர்க்களமான விதம்

மணிலா போர்க்களமாகியே தீர வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. ஜப்பானியர் படையெடுத்து வந்தபோது, 1941 டிசம்பர் 26 அன்று, அமெரிக்க ஆட்சியில் இருந்த மணிலாவை அமெரிக்கத் தளபதி டக்ளஸ் மெக்கார்தர் போரற்ற திறந்த நகரமாக அறிவித்தார்; படைகளும் வெளியேறின. அதன் பிறகும் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீது குண்டு வீசின என்பது உண்மை. ஆனாலும் 1942 ஜனவரி 2 அன்று ஜப்பானியப் படை உள்ளே நுழைந்தபோது தெருச்சண்டை ஏதும் நடக்கவில்லை. நகரம் கைமாறியது, மக்கள் பிழைத்தார்கள்.

மூன்றாண்டுகள் கழித்து அதே வாய்ப்பு மறுபடியும் வந்தது. அப்போது பிலிப்பைன்ஸில் ஜப்பானியப் படைகளின் தலைவர் ஜெனரல் யமாஷிதா. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் ஆங்கிலேயரைச் சரணடைய வைத்தவர் என்பதால் மலேயாவோடு உறவுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் பெயர் புதிதல்ல. மணிலாவைக் காத்து நிற்பதில் பயனில்லை என்பது அவருடைய கணக்கு. பத்து லட்சம் மக்களுக்குச் சோறு போட முடியாது. கட்டடங்கள் எளிதில் தீப்பற்றும். தட்டையான நிலத்தைக் காக்க ஏராளமான படை வேண்டும். இந்த மூன்று காரணங்களையும் பின்னாளில் தம் விசாரணையில் அவரே சொன்னார். பெரும்படையை மலைகளுக்குள் இழுத்துக்கொண்டு, மணிலாவில் பாலங்களையும் கிடங்குகளையும் அழிப்பதற்கு மட்டும் சிறு படையை விட்டுவைக்க முடிவு செய்தார்.

ஆனால் நகரத்தில் கடற்படையும் இருந்தது. ரியர் அட்மிரல் இவாபுச்சி சான்ஜியின் கீழ் இருந்த அந்தப் படைக்குத் துறைமுகத்தையும் கடற்படைச் சொத்துகளையும் எதிரியின் கைக்குப் போகாமல் அழிக்கும்படி கடற்படையிலிருந்து தனி உத்தரவு வந்திருந்தது. தரையில் சண்டை என்று வந்தால் அவர் தரைப்படைக்குக் கட்டுப்பட்டவர். கடற்படை வேலைகளில் கட்டுப்படாதவர். இந்த இரட்டை அதிகாரத்தின் இடுக்கில்தான் மணிலா சிக்கிக்கொண்டது. இவாபுச்சி 1942 நவம்பரில் குவாடல்கனால் அருகே மூழ்கிய கிரிஷிமா போர்க்கப்பலின் தலைவராக இருந்து உயிர் தப்பியவர். இம்முறை அவர் வெளியேறவில்லை. வெளியேறச் சொல்லி மேலிடத்து உத்தரவுகள் வந்தபோது வழிகள் அடைபட்டிருந்தன. தரைப்படையினர் சிலரையும் சேர்த்துச் சுமார் 16,000 பேர் நகரத்துக்குள் நின்றார்கள்.

எதிர்ப்பக்கத்தில் மெக்கார்தருக்கு மணிலா என்பது போர் இலக்கு மட்டுமல்ல. அவருடைய வீடு அங்கே மணிலா ஹோட்டலின் மாடியில் இருந்தது. திரும்பி வருவேன் என்று அவர் கொடுத்த வாக்கு இருந்தது. சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழக வளாகத்தில் 3,700-க்கும் மேற்பட்ட நேச நாட்டுக் குடிமக்கள் மூன்றாண்டுகளாக அடைபட்டு, கடைசி மாதங்களில் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். விரைந்து போங்கள் என்று அவர் படைகளை முடுக்கியதற்கு நல்ல காரணம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. 1945 பிப்ரவரி 3 மாலை முதலாம் குதிரைப்படைப் பிரிவின் டாங்கிகள் பல்கலைக்கழகத்து வேலியை உடைத்து உள்ளே புகுந்தன. பின்னாலேயே 37ஆவது காலாட்படைப் பிரிவு வந்தது. தெற்கிலிருந்து 11ஆவது வான்குடைப் பிரிவு வந்தது. பிப்ரவரி 6 அன்று மெக்கார்தரின் தலைமையகம் வெளியிட்ட அறிக்கையைப் படித்தவர்கள் மணிலா விழுந்துவிட்டது என்றே நினைத்தார்கள். வெற்றி அணிவகுப்புக்கும் திட்டம் தயாரானது. ஆனால் நகரைக் குறுக்காக வெட்டி ஓடும் பாசிக் ஆற்றின் பாலங்களைத் தகர்த்துவிட்டு, ஜப்பானியப் படை தென்கரையில் காத்திருந்தது. அங்கேதான் பல லட்சம் மக்கள் இருந்தார்கள்.

வடக்கு, கிழக்கு, தெற்கு மூன்று புறமும் அமெரிக்கப் படை. மேற்கில் கடல். உள்ளே இருந்த படைக்கும் வழியில்லை, மக்களுக்கும் வழியில்லை. மற்றவை அடுத்த நான்கு வாரங்களில் நடந்தேறின.

கொலைக்கு ஒரு நடைமுறை

ஜப்பானியப் படை செய்த கொலைகளை வெறியாட்டம் என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். வெறி இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் கைப்பற்றப்பட்ட ஆவணங்கள் இன்னொன்றையும் காட்டுகின்றன. பிலிப்பினோக்களைக் கொல்லும்போது முடிந்தவரை ஒரே இடத்தில் திரட்டிக் கொல்ல வேண்டும். தோட்டாவும் ஆளும் வீணாகக் கூடாது. உடல்களை அப்புறப்படுத்துவது தொல்லை என்பதால் எரிக்கவோ தகர்க்கவோ போகும் வீடுகளுக்குள் அவர்களைச் சேர்க்கலாம், ஆற்றிலும் தள்ளலாம். இப்படி ஒரு குறிப்பு இருந்தது. சிக்கனம் பேசும் அலுவலகச் சுற்றறிக்கையின் நடை அது.

அந்த நடைமுறை எப்படிச் செயலாயிற்று என்பதற்கு மலாட்டே பகுதியில் இருந்த செயின்ட் பால் கல்லூரியைச் சொல்கிறேன். பிப்ரவரி 9 அன்று சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களைப் படையினர் வீடுகளிலிருந்து கிளப்பி அந்தக் கல்லூரியின் உணவுக்கூடத்துக்குள் சேர்த்தார்கள். பல நூறு பேர். கூரையில் தொங்கிய சரவிளக்குகள் இருட்டடிப்புக்கான தாளால் மூடப்பட்டிருந்தன. விளக்குகளுக்குக் கீழே மேசை போட்டு மிட்டாய்களும் பானங்களும் வைத்திருந்தார்கள். இங்கே இருந்தால் பத்திரம், எடுத்துச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். பசித்திருந்த பிள்ளைகள் மேசைக்கு ஓடினார்கள். சரவிளக்குகளுக்குள் வெடிமருந்து இருந்தது. வெடித்ததும் சுவர் ஒன்று பிளந்தது. அந்தப் பிளவு வழியாக ஓடியவர்களை வெளியே நின்ற துப்பாக்கிகள் சுட்டன. பிழைத்தவர்கள் பின்னாளில் நீதிமன்றத்தில் சொன்ன சாட்சியம் இது. மிட்டாயை வைத்தவனுக்குப் பிள்ளைகள் எங்கே ஓடும் என்று தெரிந்திருந்தது. அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கலாம்.

அதற்கு மறுநாள், பிப்ரவரி 10, ஜெர்மன் கிளப். ஜெர்மனி ஜப்பானின் கூட்டாளி நாடு. அதன் கட்டடத்தில் கை வைக்க மாட்டார்கள் என்று நம்பி நூற்றுக்கணக்கானவர்கள் அதன் அடித்தளத்தில் ஒடுங்கியிருந்தார்கள். கட்டடத்துக்குத் தீ வைத்து, வெளியே வந்தவர்களைக் கொன்றார்கள். அதே நாளில் செஞ்சிலுவைச் சங்கத்தின் அலுவலகத்தில் புகுந்து, அடைக்கலம் தேடியிருந்தவர்களையும் நோயாளிகளையும் கொன்றார்கள். பிப்ரவரி 12 அன்று தெ லா சால் கல்லூரியில் 41 பேர். அவர்களில் 16 பேர் அங்கே பாடம் நடத்திய கிறிஸ்தவத் துறவிகள். பெரும்பாலோர் ஜெர்மானியர்கள். பலர் சிற்றாலயத்திலும் அதன் படிகளிலும் செத்துக் கிடந்தார்கள். பே வியூ ஹோட்டலில் பெண்களையும் சிறுமிகளையும் அடைத்துவைத்து நாள்கணக்கில் வன்புணர்ந்தார்கள். நாடு, மதம், சின்னம், வயது என்று மனிதர்கள் தங்களைக் காக்கும் என்று நம்பிய எந்த வேலியும் நிற்கவில்லை.

இந்தக் கொலைகளுக்கு ஒரு சாக்கும் இருந்தது: மக்களுக்குள் கெரில்லாக்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்பது. கெரில்லாக்கள் இருந்தது உண்மை. ஆனால் மேசையருகே ஓடிய பிள்ளைகள் கெரில்லாக்கள் அல்லர். நகரச் சண்டையில் மாட்டிக்கொள்ளும் மக்களை முதலில் எதிரியின் ஆட்கள் என்று பெயர் மாற்றிவிடுவார்கள். பெயர் மாறிய பிறகு கொல்வது எளிது. எண்ணுவதும் தேவைப்படாது.

பீரங்கியின் பங்கு

இதோடு நிறுத்திக்கொண்டால் கதை வசதியாக முடிந்துவிடும்: கொடியவர்கள் கொன்றார்கள், நல்லவர்கள் வந்து விடுவித்தார்கள். மணிலாவில் பிழைத்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

மெக்கார்தர் மணிலா மீது விமானக் குண்டுவீச்சை அனுமதிக்கவில்லை. இன்ட்ராமுரோஸ் என்ற பழைய மதில்நகரைத் தாக்கும் முன் படைத்தலைவர்கள் கேட்டும் மறுத்தார். நட்புள்ள மக்கள் உள்ளே இருக்கும்போது அது நினைத்தும் பார்க்கக் கூடாதது என்றார். தொடக்க நாள்களில் பீரங்கிக்கும் கட்டுப்பாடு இருந்தது. ஆற்றைக் கடந்தபின் பாக்கோ ரயில் நிலையத்திலும், மின்நிலையம் இருந்த புரொவிசார் தீவிலும் அமெரிக்கச் சிப்பாய்கள் கொத்துக்கொத்தாக விழுந்ததும் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. எங்கிருந்து குண்டு வந்தாலும் அந்த இடத்தைப் பீரங்கியால் நொறுக்கலாம் என்றாயிற்று. விமானத்துக்குத் தடை, 155 மில்லிமீட்டர் பீரங்கிக்கும் 240 மில்லிமீட்டர் பீரங்கிக்கும் தடை இல்லை. கீழே இருந்த குடும்பத்துக்கு இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

இதில் கட்டடங்களின் பங்கையும் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆட்சிக் காலத்தில் மணிலாவில் எழுந்த பெரிய பொதுக் கட்டடங்கள், அதாவது சட்டமன்றம், நிதித்துறை, வேளாண்துறை, அஞ்சல் அலுவலகம் ஆகியவை, நிலநடுக்கத்தைத் தாங்க வேண்டும் என்று கனத்த கான்கிரீட்டில் கட்டப்பட்டவை. மக்களைக் காக்கக் கட்டிய அந்தக் கனமே அவற்றைக் கோட்டைகளாக்கியது. ஜப்பானியர் சாளரங்களில் மணல்மூட்டை அடுக்கி, மூழ்கிய கப்பல்களிலிருந்து கழற்றிய பீரங்கிகளை நிறுத்தி, மாடிப்படிகளை மறித்தார்கள். அமெரிக்கர்கள் மாடி மாடியாக, அறை அறையாக ஏறினார்கள். ஏற முடியாத இடத்தில் பெரும்பீரங்கிகளைச் சில நூறு அடி தூரத்தில் நிறுத்தி நேர்க்கோட்டில் சுட்டார்கள். 37ஆவது பிரிவுச் சிப்பாய்க்கு ஒவ்வொரு மூலையிலும் சாவு இருந்தது. அவனைக் கோழை என்றோ கல்நெஞ்சன் என்றோ சொல்லும் உரிமை நமக்கு இல்லை. தன் ஆட்களின் உயிரைக் காக்க நினைத்த தளபதியின் வாதமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வாதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

பிலிப்பைன்ஸ் பொது மருத்துவமனையில் சுமார் 7,000 பேர் புகலடைந்திருந்தார்கள். அதைச் சுற்றி ஜப்பானியர் அரண் அமைத்திருந்தார்கள். மருத்துவமனை மீதும் அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன. மலாட்டேயில் ரெமடியோஸ் மருத்துவமனை பிப்ரவரி 13 அன்று அமெரிக்கப் பீரங்கிக் குண்டுகளுக்கு இரையாயிற்று. நோயாளிகளும் தொண்டர்களும் புகலடைந்தவர்களும் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். இன்ட்ராமுரோஸின் கதை பிப்ரவரி 23 அன்று முடிந்தது. காலை ஏழரை மணி முதல் எட்டரை மணி வரை ஒரு மணி நேரம் இடைவிடாமல் குண்டு பொழிந்தார்கள். பிறகு படை உள்ளே புகுந்தது. 1571-இல் ஸ்பானியர் நிறுவிய நகரம் அது. அதற்குள் இருந்த ஏழு பெரிய தேவாலயங்களில் சான் அகுஸ்தின் ஒன்றுதான் எஞ்சியது. அன்று ஜப்பானியர் உள்ளே பிடித்துவைத்திருந்த பெண்களும் குழந்தைகளும் துறவியருமாகச் சுமார் 3,000 பேரை வெளியே விட்டார்கள். ஆண்களைக் காணோம். அவர்களில் பெரும்பாலோர் சாந்தியாகோ கோட்டையிலும் சுற்றியுள்ள இடங்களிலும் முன்பே கொல்லப்பட்டிருந்தார்கள்.

அந்த ஒரு லட்சத்தில் கத்திக்கு எத்தனை, நெருப்புக்கு எத்தனை, பீரங்கிக்கு எத்தனை? வரலாற்றாசிரியர்கள் இன்று வரை உடன்படவில்லை. உடன்பட வழியும் இல்லை. உடல்களைப் பார்த்து, காரணம் குறித்து, பெயர் எழுதி வைக்க அப்போது எவரும் நியமிக்கப்படவில்லை. நகரத்தை அழித்த இரு தரப்பில் ஒன்று கொல்ல விரும்பியது. மற்றது விரும்பவில்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை. இரண்டையும் ஒரே தராசுத் தட்டில் வைக்க நான் சொல்லவில்லை. உள்நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. இரண்டாவதைத் தராசிலேயே ஏற்றாமல் விட்டதுதான் என் குறை.

ஒரு குடும்பம்

ஒரு லட்சம் என்று சொல்லும்போது மனம் எதையும் பார்ப்பதில்லை. அதனால் பொது வரலாற்றில் இடம்பெற்ற ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன்.

எல்பிடியோ கிரினோ மணிலாவின் எர்மிட்டா பகுதியில் குடியிருந்த அரசியல்வாதி. பிப்ரவரி 9 அன்று சண்டை தெருவுக்கு வந்தது. குடும்பத்தோடு அருகில் இருந்த மாமியார் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தார்கள். போகும் வழியில் ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கி சுட்டது. மனைவி அலிசியாவும், இரண்டு வயது மகள் ஃபேயும் இறந்தார்கள். மகன் அர்மாண்டோ, மகள் நோர்மா இருவரும் அதே நாள்களில் போனார்கள். கிரினோவும் மகன் தோமாஸும் மகள் விக்டோரியாவும் மிஞ்சினார்கள்.

1948-இல் இதே கிரினோ பிலிப்பைன்ஸின் குடியரசுத் தலைவரானார். மனைவி இல்லாததால் அரண்மனையில் முதல் பெண்மணியின் கடமைகளைச் செய்தவர் பதின்வயது மகள் விக்டோரியா. 1953 ஜூலையில் கிரினோ ஒரு முடிவெடுத்தார். பிலிப்பைன்ஸ் சிறையில் இருந்த ஜப்பானியப் போர்க்குற்றவாளிகள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மன்னிப்பும் தண்டனைக் குறைப்பும் அளித்து ஜப்பானுக்கு அனுப்பிவைத்தார். இவர்களை மன்னிக்கக் கடைசியாக வர வேண்டிய ஆள் நான்தான் என்பதை அவர் மறைக்கவில்லை. இழந்தவர்களைச் சொல்லிவிட்டே மன்னித்தார். அண்டை நாட்டோடு நாளை வாழ வேண்டிய தம் பிள்ளைகளுக்கும் மக்களுக்கும் வெறுப்பைச் சொத்தாக விட்டுச்செல்ல விரும்பவில்லை என்றார்.

நாட்டில் பலருக்கு இது பிடிக்கவில்லை. அதற்கு நியாயமும் இருந்தது. இழந்தவர்கள் ஒரு லட்சம் பேர், மன்னிப்பவர் ஒருவரா என்று கேட்டால் என்ன பதில்? கிரினோவிடம் அந்த முடிவெடுக்க ஒரு பட்டியல் இருந்தது: மனைவி, மூன்று பிள்ளைகள், உறவினர்கள். பெயரில்லாத பட்டியலை வைத்துக்கொண்டு மன்னிக்கவும் முடியாது, மன்னிக்க மறுக்கவும் முடியாது.

தீர்ப்பும் விடுபட்ட கேள்வியும்

போர் முடிந்த கையோடு மணிலாவிலேயே யமாஷிதா மீது அமெரிக்க இராணுவ ஆணையம் விசாரணை நடத்தியது. 1945 அக்டோபர் 29-இல் தொடங்கியது. டிசம்பர் 7-இல், பேர்ல் ஹார்பர் தாக்குதலின் நான்காம் ஆண்டு நிறைவு நாளில், தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 286 பேர் சாட்சியம் சொன்னார்கள். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, தாயையும் தந்தையையும் இழந்தவள், கத்திக்குத்துத் தழும்புகளைக் கூண்டில் நின்று காட்டினாள்.

யமாஷிதா இந்தக் கொலைகளுக்கு உத்தரவிட்டார் என்று ஆணையம் தீர்ப்பில் நிறுவவில்லை. தம் படையைக் கட்டுப்படுத்தத் தவறினார், அந்தத் தவறே குற்றம் என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946 பிப்ரவரி 4 அன்று அவருடைய மனுவைத் தள்ளியது. நீதிபதிகள் பிராங்க் மர்ஃபியும் வைலி ரட்லெட்ஜும் மாறுபட்டு எழுதினார்கள். அவருடைய தொடர்புகளையும் கட்டுப்பாட்டையும் குலைக்க அமெரிக்கப் படையே முழு மூச்சாக உழைத்துவிட்டு, கட்டுப்படுத்தவில்லையே என்று தண்டிப்பது எப்படி நியாயம் என்பது மர்ஃபி எழுப்பிய கேள்வியின் சாரம். பிப்ரவரி 23 அன்று, இன்ட்ராமுரோஸ் விழுந்த அதே தேதியில், யமாஷிதா லாஸ் பான்யோஸில் தூக்கிலிடப்பட்டார். இவாபுச்சியை விசாரிக்க முடியவில்லை. அவர் சண்டையின் இறுதி நாள்களில் தற்கொலை செய்துகொண்டார்.

ஒரு தளபதி தம் கீழ் உள்ளவர்களின் குற்றத்துக்குப் பொறுப்பு என்ற கொள்கை அந்த வழக்கில் உறுதிபெற்றது. பின்னர் 1977-இன் ஜெனீவா கூடுதல் நெறிமுறையிலும் 1998-இன் ரோம் சட்டத்திலும் அது இடம்பெற்றது. மனிதகுலத்துக்கு அது லாபம்தான். ஆனால் மணிலாவில் கேட்கப்படாத இன்னொரு கேள்வி இருந்தது. இந்தத் தெருவில் மக்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தும் இத்தனை குண்டுகளைச் சுடலாமா? எந்த ஆணையமும் அதை விசாரிக்கவில்லை. அந்தக் கேள்விக்கான சட்டம் எழுத 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இராணுவ இலக்கையும் மக்களையும் பிரித்துப் பார்க்காமல் தாக்குவதையும், கிடைக்கும் இராணுவப் பயனுக்கு மிஞ்சிய அளவில் மக்களைப் பலிகொடுப்பதையும் அதே கூடுதல் நெறிமுறை தடை செய்தது. மக்கள் நடுவே படையை நிறுத்துவதைத் தவிர்க்கும்படி தற்காப்பவனுக்கும் கட்டளையிட்டது. அமெரிக்கா கையெழுத்திட்டதோடு சரி, ஏற்புறுதி செய்யவில்லை. நம் இந்தியாவும் அதில் சேரவில்லை. இதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் வந்தபின் நகரங்கள் பிழைத்தனவா? அதே பிலிப்பைன்ஸில் மராவி என்ற நகரத்தைப் பாருங்கள். 2017 மே 23-இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தன. அக்டோபர் 23 வரை ஐந்து மாதம் சண்டை. இம்முறை விமானக் குண்டுகளுக்கும் தடையில்லை. நகரின் நடுப்பகுதி இடிபாடாயிற்று. மூன்றரை லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். மணிலாவோடு ஒப்பிட்டால் பெரும்பாலான மக்கள் முன்பே வெளியேற முடிந்தது. அதனால்தான் சாவு லட்சத்தைத் தொடவில்லை. மக்கள் வெளியேற வழி இருந்ததா என்பதே நகரச் சண்டையில் உயிருக்கும் சாவுக்கும் நடுவே உள்ள கோடு. மணிலாவில் அந்த வழியை இரு படைகளும் சேர்ந்து அடைத்தன.

எண்ணுவது ஓர் அறம்

மணிலாவை அடுத்த தகிக் நகரில் அமெரிக்கப் போர்க் கல்லறை இருக்கிறது. 17,000-க்கும் மேற்பட்ட வெண்பளிங்குச் சிலுவைகளும் தாவீது நட்சத்திரங்களும் புல்வெளியில் வரிசை பிசகாமல் நிற்கின்றன. அவற்றோடு, உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் 36,000-க்கும் மேல் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. பசிபிக் போரின் பல களங்களில் இறந்தவர்கள். உடல் கடலில் போனவனுக்கும் பெயர் நிலைத்திருக்கிறது. ஒரு நாடு தன் சிப்பாய்க்குச் செய்ய வேண்டிய கடமை அது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அங்கிருந்து சில மைல் தூரத்தில் இன்ட்ராமுரோஸில் மெமொராரே மணிலா என்ற நினைவுச் சின்னம் இருக்கிறது. குழந்தையின் உடலை ஏந்திய தாய், சுற்றிலும் விழுந்து கிடக்கும் மனிதர்கள். பீடத்தின் வாசகத்தை எழுதியவர் பிலிப்பினோ எழுத்தாளர் நிக் ஹோவாகின். அந்தச் சின்னம் திறக்கப்பட்டது 1995 பிப்ரவரி 18 அன்று, சண்டை நடந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு. பிழைத்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் முன்னின்று எழுப்பினார்கள். அதில் பெயர்ப் பட்டியல் இல்லை. ஒரு லட்சம் பேருக்கும் சேர்த்து ஒரே கல்.

இது மணிலாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அதே போரில் சயாம்–பர்மா ரயில் பாதையில் இறந்த நேச நாட்டுக் கைதிகள் 12,000-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகளில் உறங்குகிறார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளரும், பர்மியரும், ஜாவானியரும், மற்றவரும் எத்தனை பேர் இறந்தார்கள்? எண்பதாயிரம் என்பார்கள், தொண்ணூறாயிரம் என்பார்கள், ஒரு லட்சம் என்பார்கள். நம் தாத்தன் பாட்டன்மார் அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள். ஆகவே மணிலாவின் முழுமையாக்கப்பட்ட எண் நமக்கு அந்நியமானதல்ல.

2022 நவம்பர் 18 அன்று டப்ளின் நகரில் எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள், மக்கள் வாழும் இடங்களில் வெடிகுண்டு ஆயுதங்களைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் அரசியல் அறிவிப்பு ஒன்றை ஏற்றன. குடிமக்களுக்கு ஏற்படும் பாதிப்பை இயன்றவரை பதிவுசெய்து வெளியிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. சட்டக் கட்டாயம் இல்லாத அறிவிப்புதான். ஆனால் குடிமகனின் சாவை எண்ண வேண்டும் என்று அரசுகள் சேர்ந்து எழுத்தில் ஒப்புக்கொண்டது சிறிய செய்தியல்ல.

ஏன் எண்ண வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. செத்தவர் திரும்பி வருவாரா? வரமாட்டார். ஆனால் எண்ணப்பட்ட சாவுக்கு ஒரு கேள்வி பிறக்கிறது: எந்த நாளில், எந்தத் தெருவில், எவருடைய உத்தரவில்? ஏறத்தாழச் சொல்லப்பட்ட சாவுக்கு அந்தக் கேள்வி பிறப்பதில்லை. வெறும் பெருமூச்சோடு முடிந்துவிடும். பெருமூச்சுக்கு எந்தத் தளபதியும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த நகரத்துக்கு முன்னால் நிற்கும் தளபதிக்கு, நாளை ஒவ்வொரு பெயருக்கும் கணக்குக் கேட்பார்கள் என்ற அச்சம் இருந்தால், அவர் ஒரு மணி நேரக் குண்டுமழைக்கு முன் ஒரு நாள் அவகாசம் கொடுப்பார். ஒரு பக்கத்து வழியையாவது திறந்து வைப்பார். அந்த ஒரு நாளில் பிழைக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

வரலாறு படிக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனி எந்த நகரச் சண்டையைப் பற்றிப் படித்தாலும் முதலில் இறந்தோர் பட்டியலைப் பாருங்கள். சிப்பாய்களின் எண் கடைசி இலக்கம் வரை இருந்து, குடிமக்களின் எண் "ஏறத்தாழ" என்று தொடங்கினால், அங்கே நில்லுங்கள். யார் எண்ணவில்லை, ஏன் எண்ணவில்லை என்று கேளுங்கள். பதில் எழுதப்படாமல் இருந்தால், தேடி எழுதுங்கள். முதியோரிடம் கேளுங்கள், கோயில், தேவாலய, பள்ளிவாசல் பதிவேடுகளைப் புரட்டுங்கள், ஒரு தெருவின் பெயர்களையாவது மீட்டுக்கொடுங்கள். ஒரு லட்சத்தில் ஒரு பெயரைக் கூட்டினாலும் அது வரலாற்றுப் பணியே.